முள்ளங்கி முழுக்க வேர்தானா? காய்கறியில் நாம் தின்பது செடியின் எந்த உறுப்பு?

காய்க்கூடை:
பிள்ளைகளுக்காக ஒரு காட்சி மேசை தயார் செய்துகொண்டிருக்கிறேன். வேர், தண்டு, இலை, பூ, காய், விதை என்று ஆறு தட்டு. படம் ஒட்டாமல் உண்மையான காய்கறியையே வைக்கலாம் என்று யோசனை. கீரையும் வெண்டையும் பட்டாணியும் சிக்கல் இல்லாமல் போய் உட்கார்ந்துவிட்டன. மண்ணுக்கடியில் விளைகிறவைதான் படுத்துகின்றன. உருளைக்கிழங்கு தண்டு, சர்க்கரைவள்ளி வேர் என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? "புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது" என்று சொல்ல மனசு வரவில்லை. கையில் எடுத்து "இதோ பார்" என்று காட்டுகிற மாதிரி அடையாளம் இருந்தால் சொல்லுங்கள். வெங்காயம், முள்ளங்கி, காலிஃபிளவர் மூன்றும் இன்னும் எந்தத் தட்டிலும் ஏறவில்லை.

சும்மா_ஒருவன்:
மண்ணுக்குக் கீழே இருந்தால் வேர், மேலே இருந்தால் தண்டு. இதற்கு ஆறு தட்டு எதற்கு?

மரத்தடி_வாத்தியார்:
தம்பி கணக்குப்படி நிலக்கடலையும் வேராகிவிடும்! இருக்கிற இடத்தை வைத்து உறுப்பைச் சொல்ல முடியாது. உடம்பில் இருக்கிற தழும்பை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

தண்டு என்றால் அதில் கணு இருக்கும். கணுவில் ஓர் இலை இருக்கும், இல்லாவிட்டால் இலை இருந்த தழும்பாவது இருக்கும். இலைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள கோணத்தில் ஒரு மொட்டு இருக்கும். கணு, இலை, கோண மொட்டு மூன்றும் ஒன்றாகத்தான் வரும். வேரில் கணுவும் கிடையாது, இலையும் கிடையாது. வேர் கிளைப்பதே வேறு விதம். கிளைவேர் மேல்தோலில் மொட்டாகத் தொடங்காது. உள்ளே பெரிசைக்கிள் என்ற அடுக்கில் பிறந்து, வெளித்திசுவைப் பிளந்துகொண்டு வரும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஓர் உருளைக்கிழங்கை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். "கண்" என்கிறோமே, அந்தக் குழிக்குள் சின்னச் சின்ன மொட்டுகள் கூட்டமாக இருக்கும். குழியின் ஒரு பக்கத்தில் புருவம் மாதிரி வளைந்த கோடு ஒன்று தெரியும். அது உதிர்ந்துபோன செதில் இலையின் தழும்பு. இலை, அதன் கோணத்தில் மொட்டு, இரண்டும் இருக்கிற இடம் கணு. ஆக, ஒவ்வொரு கண்ணும் ஒரு கணு.

இன்னும் ஒன்று. கிழங்கின் ஒரு முனையில் சின்னதாக ஒரு காய்ந்த வடு இருக்கும். மண்ணுக்குள் ஓடிய மெல்லிய தண்டிலிருந்து கிழங்கு அறுந்த இடம் அது. அந்தத் தண்டின் நுனி நீளுவதை நிறுத்திவிட்டுப் பருத்ததுதான் கிழங்கு. வடுவுக்கு அருகில் கண்கள் தள்ளித் தள்ளி இருக்கும்; எதிர்முனைக்குப் போகப் போக நெருங்கும். கண்களில் ஒவ்வொரு குண்டூசி குத்தி, வடுவிலிருந்து எதிர்முனை வரை வரிசையாக நூல் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நூல் சுருளாகப் போகும். எந்தக் கிளையிலும் இலைகள் சுற்றி ஏறும் அதே சுருள். பிள்ளைகள் இதை ஒருமுறை செய்துவிட்டால் அப்புறம் புத்தகத்தைக் கேட்க மாட்டார்கள்.

கொல்லைப்புறம்:
வாத்தியார் சொன்னதைச் சர்க்கரைவள்ளியிலும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். கண்ணைத் தேடினால் கிடைக்காது, செதில் தழும்பும் இருக்காது. அங்கங்கே மயிர் மாதிரி சல்லிவேர் அல்லது அது உதிர்ந்த புள்ளி மட்டும் இருக்கும். கொடித் துண்டை நட்டால் அதன் கணுவிலிருந்து இறங்குகிற வேற்றிட வேர்களில் சில பருக்கும். அதுதான் கிழங்கு.

சும்மா_ஒருவன்:
ஆனால் சர்க்கரைவள்ளியும் முளைக்கிறதே! தண்ணீரில் பாதி முழுகவிட்டு வைத்தால் தளதளவென்று தளிர் விடுகிறது. மொட்டு இல்லை என்றால் தளிர் எங்கிருந்து வருகிறது? வேர் என்றால் முளைக்கக் கூடாது அல்லவா?

நுனிமொட்டு:
நல்ல கேள்வி. வேரும் முளைக்கலாம், தடை ஒன்றும் இல்லை. முன்கூட்டியே வரிசையில் வைத்த மொட்டு அதற்குக் கிடையாது, அவ்வளவுதான். பல செடிகளின் வேர், தேவைப்பட்டால் வேற்றிட மொட்டுகளைப் புதிதாக உண்டாக்கிக்கொள்ளும். அவற்றுக்கு ஒழுங்கான இடமோ சுருளோ இல்லை, மேலே இலைத் தழும்பும் இல்லை. தளிர் வருகிறதா என்று பார்ப்பதை விட, எங்கே வருகிறது என்று பாருங்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முளைக்க விடுங்கள். உருளைக்கிழங்கில் முதலில் முளைப்பது தாய்ச்செடியோடு ஒட்டியிருந்த வடுவுக்கு நேர் எதிர்முனை. ஏனென்றால் அதுதான் தண்டின் நுனி. நுனி மொட்டுக்குத்தான் முன்னுரிமை. சர்க்கரைவள்ளியில் தளிர்கள் பெரும்பாலும் தாய்க்கொடியோடு ஒட்டியிருந்த முனையில் கூட்டமாக வரும். வேருக்கு அது தண்டுப் பக்கம். எதிர்முனை வேர் நுனிப் பக்கம். வெளியே இரண்டும் ஒரே மாதிரி உருண்டை. உள்ளே திசை நேர்மாறு. எனக்கு இந்த ஒரு வேறுபாடு கண் என்ற அடையாளத்தை விடவும் பிடிக்கும்.

தளிர்மதி:
எனக்குத் தெரிந்த இன்னொரு சோதனை: வெளிச்சத்தில் வைத்தால் உருளைக்கிழங்கு பச்சையாகிறது. தண்டு என்பதால்தானே பச்சையம் வருகிறது?

நுனிமொட்டு:
அதை அடையாளமாக வைக்காதீர்கள், அக்கா. மண்ணை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கேரட்டின் தோள் பகுதியும் வெயில் பட்டால் பச்சையாகும். உருளைக்கிழங்கின் செல்லுக்குள் மாவு சேமிக்கிற கணிகங்கள் என்ற நுண்ணுறுப்புகளே வெளிச்சத்தில் பச்சையம் உள்ள பசுங்கணிகங்களாக மாறிவிடுகின்றன. பச்சை நிறம் தன்னளவில் கெடுதி இல்லை. ஆனால் அதே வெளிச்சத்தில் சோலனின் போன்ற கசப்பு நச்சும் தோலை ஒட்டிய பகுதியில் கூடுகிறது. அது வேகவைத்தால் போகாது. மேசையில் நாள் கணக்கில் வைத்த உருளைக்கிழங்கை அப்புறம் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

காய்க்கூடை:
சரி, உருளையும் சர்க்கரைவள்ளியும் ஏறிவிட்டன. இஞ்சியிலும் வளைய வளையமாகக் கோடு இருக்கிறது. தண்டுத் தட்டில் வைத்துவிடலாமா?

மரத்தடி_வாத்தியார்:
தாராளமாக. ஒவ்வொரு வளையமும் ஒரு கணு. அங்கே இருந்த செதில் இலை தண்டைச் சுற்றிப் பிடித்திருந்த தடம். படுத்தவாக்கில் வளர்கிற மட்டநிலத் தண்டு அது. மஞ்சளும் அப்படியே. சேம்பும் சேனையும் கந்தம், அதாவது மண்ணுக்குள் நிமிர்ந்து நிற்கிற பருத்த தண்டு; அவையும் தண்டுதான். மரவள்ளி மட்டும் வேர். அதை நடுவதற்கு மேலே இருக்கிற குச்சியை வெட்டி வைப்பதும் அதனால்தான், கிழங்கை நட்டுப் பயன் இல்லை.

சேனையில் ஒரு வேடிக்கை உண்டு. மண்ணுக்கு மேலே ஆள் உயரத்துக்குப் புள்ளிபோட்ட "தண்டு" ஒன்று நிற்கும், உச்சியில் குடை மாதிரி விரியும். தண்டு போல நிற்கிற அது ஓர் இலையின் காம்பு. விரிந்திருப்பது முழுவதும் அந்த ஒரே இலையின் பரப்பு. தண்டு கீழே, மண்ணுக்குள் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது. அதன் நடுக்குழியில் மொட்டு இருக்கும், பாருங்கள். வெட்டும்போது கையில் ஏதாவது தடவிக்கொள்ளுங்கள். திசுவுக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி ஊசியாகக் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அரிப்பு அவற்றால்.

கொல்லைப்புறம்:
முள்ளங்கியை ஏன் யாரும் தொடவில்லை? தலைப்பே அதுதானே. வேர் என்று சொல்லி வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்பது என் கட்சி.

நுனிமொட்டு:
எதிர்க்கட்சி வந்துவிட்டது.

விதை முளைக்கும்போது நடப்பதிலிருந்து தொடங்குகிறேன். முளையின் கீழ்முனையில் முளைவேர், மேல்முனையில் இரண்டு விதையிலைகள். இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டு இருக்கிறது, விதையிலைக் கீழ்த்தண்டு. நீளமாக வளர்த்த பயறு முளையில் வெள்ளையாகப் பருத்துத் தெரிகிற பகுதி பெரும்பாலும் இதுதான். முளைவேர் அதன் வாலில் இருக்கிறது. பயறு முளைகட்டிய முதல் நாளில் எட்டிப் பார்க்கிறதே, அதுதான் முளைவேர்.

இனி முள்ளங்கிக்கு வாருங்கள். உருண்டையான சிவப்பு முள்ளங்கியில் பருத்த பகுதி மொழுமொழுவென்று இருக்கும். பக்கவேர் ஒன்றும் இருக்காது. கீழே வால் தொடங்கும் இடத்திலிருந்துதான் சல்லிவேர்கள் வரும். ஏனென்றால் பருத்தது பெரும்பாலும் விதையிலைக் கீழ்த்தண்டு. வேர் என்று கேள்வியில்லாமல் சொல்லக்கூடியது வால் மட்டும். நீள முள்ளங்கியில் மேலே கொஞ்சம் கீழ்த்தண்டு, அப்புறம் வேர். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. கேரட்டிலும் உச்சிப் பகுதி கீழ்த்தண்டு. பீட்ரூட்டிலும் அப்படியே. பாடப்புத்தகம் இவற்றை எல்லாம் சேர்த்து "ஆணிவேரின் மாற்றுரு" என்று ஒரே வரியில் முடித்துவிடும். பள்ளிக்கு அது போதும். ஆனால் செடி நம் தட்டுகளைப் பார்த்து வளர்வதில்லை.

கொல்லைப்புறம்:
அப்படியானால் உருண்டை முள்ளங்கியைத் தண்டுத் தட்டில் வைக்கச் சொல்கிறீர்களா? கணு எங்கே? நீங்களே வகுத்த விதிப்படி கணுவும் இலையும் மொட்டும் வேண்டும்.

மரத்தடி_வாத்தியார்:
விதி நான் வகுத்தது, அதனால் நான் பதில் சொல்கிறேன். கீழ்த்தண்டில் கணு இருக்காது. முதல் கணுவே அதன் மேல்முனையில், விதையிலைகள் ஒட்டும் இடத்தில்தான். முதல் கணுவுக்குக் கீழே இருக்கிற தண்டில் கணுவைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? கணு இருந்தால் தண்டு என்பது உறுதி. கணு இல்லை என்பதால் மட்டுமே வேர் என்று ஆகிவிடாது. பக்கவேர் எங்கே தொடங்குகிறது என்றும் பார்க்க வேண்டும்.

நானாக இருந்தால் உருண்டை முள்ளங்கியை வேர்த் தட்டுக்கும் தண்டுத் தட்டுக்கும் நடுவே, இரண்டையும் தொட்டுக்கொண்டிருக்கிற மாதிரி வைப்பேன்.

கொல்லைப்புறம்:
நடுவே வைத்தால் பிள்ளைகள் குழம்புவார்கள். என் கட்சி மாறவில்லை.

தளிர்மதி:
குழம்பட்டுமே, அண்ணா. குழம்பினால்தான் கேள்வி வரும்.

கேரட்டைப் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். வட்டமாக நறுக்கினால் நடுவில் வெளிறின ஒரு பகுதி, சுற்றி ஆழ்ந்த ஆரஞ்சு. நடுப்பகுதி சைலம் (நீர் கடத்தும் திசு), வெளிப்பகுதி புளோயம் (உணவு கடத்தும் திசு). இரண்டுக்கும் நடுவே தெரிகிற கோட்டில்தான் கேம்பியம் இருக்கிறது. உள்பக்கம் சைலம், வெளிப்பக்கம் புளோயம் என்று இரண்டு பக்கமும் செல்களைத் தள்ளித் தள்ளி வேரைத் தடிமனாக்குவது அது. மரம் பருப்பதும் இதே முறைதான். ஆனால் கேரட் சைலத்தைக் கட்டையாக்குவதில்லை. மென்மையான சேமிப்புச் செல்களாகவே விட்டுவிடுகிறது. கரோட்டின் வெளிப்பகுதியில்தான் அதிகம் என்பதால் நல்ல கேரட் என்றால் நடுப்பகுதி ஒல்லியாக இருக்க வேண்டும் என்று பார்க்கிறார்கள். முள்ளங்கியில் இது தலைகீழ். அதில் பெரும்பகுதி சைலம்.

பீட்ரூட்டை நறுக்கினால் ஏன் இத்தனை வளையம் என்று யாராவது சொல்லுங்கள்.

நுனிமொட்டு:
பீட்ரூட் ஒரு கேம்பியத்தோடு நிற்பதில்லை. முதல் கேம்பியத்துக்கு வெளியே இன்னொன்று, அதற்கு வெளியே இன்னொன்று என்று அடுத்தடுத்துப் புதிதாக உண்டாகிறது. ஒவ்வொன்றும் ஒரு வளையம் குழாய்த்திசுவும் ஒரு வளையம் சேமிப்புத்திசுவும் போடுகிறது. மாறி மாறி வருவதால் வளையம் தெரிகிறது. மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி நினைத்து எண்ணி வயது சொல்லக் கூடாது. எல்லாம் ஒரே பருவத்தில் வந்தவை.

காய்க்கூடை:
அருமை. இந்த வேர்கள் எல்லாம் ஏன் இவ்வளவு சேமிக்கின்றன? செடிக்கு என்ன அவசரம்?

மரத்தடி_வாத்தியார்:
கேரட், பீட்ரூட், முட்டைகோஸ், வெங்காயம் எல்லாம் இரண்டு ஆண்டில் வாழ்க்கையை முடிக்கிற ஈராண்டுச் செடிகள். முதல் ஆண்டு சேமிப்பு. நடுவில் குளிர். இரண்டாம் ஆண்டு அந்தச் சேமிப்பைச் செலவு செய்து உயரமாகப் பூத்தண்டு எழுப்பி விதை போட்டுவிட்டுச் செத்துப்போகும். நாம் முதல் ஆண்டு முடிவிலேயே புகுந்து கஜானாவை எடுத்துக்கொள்கிறோம். பூத்துவிட்ட கேரட்டைப் பிடுங்கிப் பார்த்தால் சக்கையாக, கட்டையாக இருக்கும். சேமிப்பு எல்லாம் மேலே போய்விட்டது.

சும்மா_ஒருவன்:
வெங்காயத்துக்கு வாருங்கள். மண்ணுக்குள் விளைகிறது, உருண்டையாக இருக்கிறது, ஆனால் உரித்தால் ஏடு ஏடாக வருகிறது. இலையா?

தளிர்மதி:
இலைதான். துல்லியமாகச் சொன்னால் இலையின் அடிப்பகுதி. மேலே பச்சைக் குழாயாக நிற்கிறதே, அதே இலையின் அடிப்பாகம்தான் சதைப்பற்றோடு பருத்து, ஒன்றை ஒன்று மூடிக்கொண்டு குமிழமாகிறது. வெங்காயத்தை உச்சியிலிருந்து அடி வரை நேர்ப்பிளவாக வெட்டினால் அடியில் வேர்கள் தொங்குகிற இடத்துக்கு மேலே ஒரு தட்டையான வெள்ளைத் துண்டு தெரியும். தண்டு அவ்வளவுதான். ஏடுகள் எல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகின்றன, வேர்களும் அதிலிருந்துதான் இறங்குகின்றன. நட்ட நடுவில் பசுமையாக ஒரு சின்ன முளை இருக்கும், சில வெங்காயத்தில் இரண்டு மூன்று. அது மொட்டு. சமைக்கும்போது அந்த அடித்தட்டைத்தான் நறுக்கித் தூர எறிகிறோம்.

உள்ளே இருக்கிற சில ஏடுகளுக்கு மேலே பச்சைக் குழாயே கிடையாது. பகல் பொழுது ஓர் அளவுக்கு நீண்டதும் செடி குமிழம் கட்டத் தொடங்குகிறது. அப்போது வருகிற இலைகள் பரப்பு விடாமல் வெறும் சேமிப்பு ஏடுகளாகவே நின்றுவிடுகின்றன.

பூண்டை இதனோடு சேர்த்துவிடாதீர்கள். பூண்டில் ஒவ்வொரு பல்லும் ஒரு கோண மொட்டு. பல்லின் சதை முழுவதும் ஒரே ஒரு சேமிப்பு இலை. நடுவே நெட்டுவாக்கில் வெட்டினால் உள்ளே தளிர் தயாராகப் படுத்திருக்கும்.

காய்க்கூடை:
பூண்டுக்கு மொட்டுத் தட்டு என்று ஏழாவது ஒன்று வேண்டும் போலிருக்கிறதே.

நுனிமொட்டு:
கட்டாயம் வையுங்கள், அக்கா. முட்டைகோஸையும் அதில்தான் வைக்க வேண்டும். எல்லாரும் இலை என்பார்கள். தின்பது இலைதான், மறுக்கவில்லை. ஆனால் முழு முட்டைகோஸ் என்பது விரியாமல் நின்றுவிட்ட ஒரு பெரிய நுனி மொட்டு. நேர்பாதியாக வெட்டிப் பாருங்கள். நடுவில் கட்டையாகத் தண்டு, அதிலிருந்து இரு பக்கமும் இலைகள், ஒவ்வோர் இலையும் தண்டைத் தொடுகிற கோணத்தில் அரிசி அளவு ஒரு மொட்டு. வாத்தியார் சொன்ன மூன்று அடையாளமும் ஒரே வெட்டில் தெரிகிற காய்கறி இதைவிட வேறு இல்லை. வயலில் தலையை மட்டும் வெட்டிக்கொண்டு அடிக்கட்டையை விட்டுவைத்தால், நுனி போனதும் கட்டையில் இருக்கிற கோண மொட்டுகள் விழித்துக்கொண்டு குட்டிக் குட்டித் தலைகள் போடும்.

இதை விட முக்கியமான செய்தி: முட்டைகோஸ், நூல்கோல், காலிஃபிளவர், புரோக்கோலி, களைக்கோஸ் (பிரஸ்ஸல்ஸ் ஸ்பிரவுட்), கேல் கீரை ஆறும் ஒரே இனம். பிராசிகா ஒலரேசியா. ஒரே இனத்தை வைத்துக்கொண்டு மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து ஒவ்வோர் உறுப்பாகப் பருக்கவைத்திருக்கிறார்கள். இலையை எடுத்தவர்களுக்குக் கேல், நுனி மொட்டை எடுத்தவர்களுக்கு முட்டைகோஸ், கோண மொட்டுகளை எடுத்தவர்களுக்குக் களைக்கோஸ், தண்டை எடுத்தவர்களுக்கு நூல்கோல், பூமொட்டை எடுத்தவர்களுக்குப் புரோக்கோலி. உங்கள் மேசைக்கு இந்த ஒரு இனமே போதும், மற்றதை எல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிடலாம் என்பேன்.

கொல்லைப்புறம்:
நூல்கோல் தண்டு என்பது சரி. உருண்டையின் பக்கவாட்டில் இலைக்காம்பு உதிர்ந்த தழும்பு வரிசையாக இருக்கும். மண்ணுக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கும். இதில் சண்டை இல்லை.

சும்மா_ஒருவன்:
காலிஃபிளவரை மட்டும் நைசாக விட்டுவிட்டீர்கள், கவனித்தேன். பெயரிலேயே பூ இருக்கிறது. ஆனால் அதில் நான் ஒரு பூவையும் பார்த்ததில்லை.

நுனிமொட்டு:
விடவில்லை, தனியாகச் சொல்ல வைத்திருந்தேன். புரோக்கோலியை வாங்கி வந்து மறந்துவிட்டால் மஞ்சளாகிவிடும். அது அழுகல் இல்லை. பச்சை மொட்டுகள் மலர்கின்றன, மஞ்சள் இதழ் வெளியே தெரிகிறது. அதாவது புரோக்கோலியில் நாம் தின்பது முழுதாக உருவான பூமொட்டு.

காலிஃபிளவர் அதற்கும் முந்தின கட்டத்தில் மாட்டிக்கொண்டது. அந்த வெள்ளைத் திரளில் பெரும்பகுதி பூ கிடையாது, பூவாக முயல்கிற வளர்நுனிகள். ஒரு வளர்நுனி பூவாகத் தொடங்குகிறது, முடிக்க முடியவில்லை, மறுபடி மஞ்சரித் தண்டாகி, அதாவது பூங்கொத்தின் தண்டாகிக் கிளைக்கிறது. அந்தக் கிளையும் அதையே செய்கிறது. ஒரு துண்டை உடைத்துக் கையில் வைத்துப் பாருங்கள்; முழு காலிஃபிளவரின் சிறிய நகல் அது. அதிலிருந்து இன்னும் சின்னதாக உடைத்தால் அதுவும் நகல். பச்சையாகக் கூம்பு கூம்பாக இருக்கிற ரோமனெஸ்கோவில் இந்தச் சுருள் வெறும் கண்ணுக்கே கணக்காகத் தெரியும். பூவாக்கும் மரபணுக்களின் வலைப்பின்னலில் ஏற்பட்ட மாற்றத்தால் இந்த வடிவம் எப்படி வருகிறது என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் குழு ஒன்று 2021இல் சயன்ஸ் இதழில் விளக்கியது. பூத் தட்டிலேயே வையுங்கள், பக்கத்தில் "பூக்க முயன்றது" என்று ஒரு சீட்டு எழுதிவிடுங்கள்.

தளிர்மதி:
செலரியை யாரும் சொல்லவில்லை. அது தண்டுத் தட்டு இல்லை, இலைத் தட்டு. நாம் கடிப்பது இலைக்காம்பு. குறுக்கே வெட்டினால் பிறை வடிவம் வரும், உள்பக்கம் பள்ளம்; நாரும் வெளிவளைவை ஒட்டி ஒரு பக்கமாகவே இருக்கும். அந்தக் காம்பின் நீளத்தில் எங்கும் கணு கிடையாது, மொட்டு கிடையாது. எல்லாக் காம்பும் சேர்கிற அடிக்கட்டைதான் தண்டு. அஸ்பாரகஸ் இதற்கு நேர்மாறு: அதன் உடம்பில் ஒட்டியிருக்கிற முக்கோணச் செதில்கள்தான் இலை, மற்றது முழுக்கத் தண்டு.

காய்க்கூடை:
வாழைத்தண்டு?

மரத்தடி_வாத்தியார்:
வெளியே மரம் மாதிரி தெரிவது இலையுறைகள் ஒன்றை ஒன்று சுற்றிய பொய்த்தண்டு. உண்மைத் தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. பூக்கும் காலம் வந்ததும் அதன் நுனி இந்த உறைகளின் நடுவே துளைத்துக்கொண்டு மேலே ஏறிப் பூவாக வெளியே வருகிறது. பட்டைகளை எல்லாம் உரித்த பிறகு கிடைக்கிற வெள்ளைத் தண்டு, பூவைச் சுமந்துபோன அந்த அச்சு. அதனால் தண்டுத் தட்டு. பூவாத வாழையை வெட்டினால் நடுவில் அது இருக்காது.

வாழைப்பூவில் சிவப்பு மடல்கள் பூவடிச் செதில்கள். ஒவ்வொரு மடலுக்கும் அடியில் சீப்பாகப் பூக்கள். சின்னப் பூ ஒவ்வொன்றிலும் ஒரு விறைப்பான குச்சியை உருவி எறிகிறோமே, "கள்ளன்" என்று, அது சூல்தண்டும் அதன் முனையில் குண்டாக இருக்கும் சூல்முடியும்.

சும்மா_ஒருவன்:
காய்த் தட்டுக்கு இப்போதே ஒரு வெடி போடுகிறேன். தக்காளி பழம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு அது.

கொல்லைப்புறம்:
நீதிமன்றம் என்ன சொன்னது என்றும் சொல்லுங்கள். 1883ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி இறக்குமதிக் காய்கறிக்கு வரி உண்டு, பழத்துக்கு இல்லை. தக்காளி இறக்குமதி செய்தவர்கள் பழம் என்று வாதாடினார்கள். 1893இல் தீர்ப்பு: தாவரவியல்படி பழமாக இருக்கலாம், மக்கள் பேச்சில் காய்கறி, வரி கட்டு. ஆக, உங்கள் வெடி நமுத்துப்போனது.

நுனிமொட்டு:
சட்டத்தைக் கேட்டால் இப்படித்தான். 2001இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜாம் பற்றிய ஆணையில் கேரட்டும் சர்க்கரைவள்ளியும்கூடப் பழங்களாகக் கருதப்படும் என்று இருக்கிறது! ஜாம் செய்யலாம் என்பதற்காக. வரி போடுகிறவருக்கும் ஜாம் காய்ச்சுகிறவருக்கும் வேண்டியது வேறு. நாம் கேட்பது, பூவின் எந்தப் பகுதி இப்படி ஆனது என்று. சூற்பை முதிர்ந்தால் கனி. தக்காளி, கத்திரி, மிளகாய், வெண்டை, பீன்ஸ், வெள்ளரி, பூசணி எல்லாம் அதில் அடங்கும். பச்சையாக இருக்கும்போது பறிக்கிறோமா, பழுத்த பிறகா என்பது நம் விருப்பம்.

இந்தத் தட்டில் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு நல்ல வேலை இருக்கிறது. கத்திரிக்காயையும் வெள்ளரிக்காயையும் எடுத்துக்கொள்ளுங்கள். கத்திரியில் பச்சைப் புல்லிவட்டம் காம்புப் பக்கம் தொப்பியாக உட்கார்ந்திருக்கிறது. தக்காளி, மிளகாயிலும் அங்கேதான். வெள்ளரியில் காம்புப் பக்கம் ஒன்றும் இல்லை. பூ வாடி ஒட்டியிருந்த வடு எதிர்முனையில் இருக்கிறது. பிஞ்சாக இருந்தால் காய்ந்த பூவே அங்கே தொங்கும். கத்திரிப் பூவில் சூற்பை இதழ்களுக்கு மேலே இருந்தது, மேல்மட்டச் சூற்பை. வெள்ளரியில் பூவின் மற்ற பாகங்கள் எல்லாம் சூற்பையின் தலையில் ஏறி இருந்தன, கீழ்மட்டச் சூற்பை. பூசணி, பாகல், புடல் குடும்பம் மொத்தமும் இப்படித்தான். பூ எப்படி இருந்தது என்று தெரியாமலே காயைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

தளிர்மதி:
வெண்டையைக் குறுக்கே வெட்டினால் பொதுவாக 5 அறை. முருங்கைக்காயில் 3 சூலிலை (சூற்பையை ஆக்குகிற இலை போன்ற அலகு). முற்றிக் காய்ந்தால் மூன்றாக வெடிக்கும். பீன்ஸில் ஒரே சூலிலை, அதனால் விதை எல்லாம் ஒரே ஓரத்தில் ஒட்டியிருக்கும். பிரித்துப் பார்த்தால் இடது பாதியில் ஒன்று, வலது பாதியில் அடுத்தது என்று மாறி மாறிப் போகும். நார் உரிக்கிறோமே, அது அந்த ஓரங்களில் ஓடுகிற குழாய்க்கற்றையும் நாரும்.

சும்மா_ஒருவன்:
மக்காச்சோளம் காயா விதையா? காளான் எங்கே? கேட்க வேண்டியதை எல்லாம் இப்போதே கேட்டுவிடுகிறேன்.

மரத்தடி_வாத்தியார்:
காளான் தாவரமே இல்லை, பூஞ்சை. ஏழு தட்டிலும் இடம் கிடையாது.

மக்காச்சோளத்தில் ஒவ்வொரு மணியும் ஒரு முழுக் கனி. கனியின் சுவரும் விதையுறையும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டிருப்பதால் விதை மாதிரி தெரிகிறது. கதிரின் நுனியில் பட்டு நூலாகத் தொங்குவது ஒவ்வொன்றும் ஒரு சூல்தண்டு. ஒரு மணிக்கு ஒரு நூல். நூலில் விழுந்த மகரந்தம் குழாய் விட்டு அதன் முழு நீளமும் இறங்கி அந்த ஒரு சூலை அடைய வேண்டும். எந்த நூலுக்கு மகரந்தம் கிடைக்கவில்லையோ அந்த இடத்தில் மணி பிடிக்காது. பேபி கார்ன் என்பது மகரந்தம் சேருவதற்கு முன்பே ஒடித்த கதிர், அதனால் அதை மஞ்சரி என்றே வைக்கலாம்.

காய்க்கூடை:
கடைசியாக நிலக்கடலை. முதல் பதிலிலேயே வாத்தியார் அதைத் தொட்டுவிட்டு விட்டுவிட்டார். மண்ணுக்குள் இருக்கிற கனி என்றால், வேரில் காய்க்கிறதா?

கொல்லைப்புறம்:
வேரில் இல்லை. மஞ்சள் பூ மண்ணுக்கு மேலே, இலைக்கோணத்தில் பூக்கிறது. கரு உண்டானதும் இதழ் வாடிவிடும். சூற்பைக்குக் கீழே ஒரு காம்பு நீள ஆரம்பிக்கும். நேராகப் பூமியை நோக்கி இறங்கி, சூற்பையை நுனியில் வைத்துக்கொண்டு மண்ணுக்குள் புகும். விழுது இறங்குகிறது என்போம். இருட்டில் போன பிறகுதான் நுனி படுக்கைவாக்கில் திரும்பிக் காயாகப் பருக்கும். இந்த நேரத்தில் செடிக்கு மண் அணைத்து விட வேண்டும். மண் இறுகிக் கிடந்தால் விழுது உள்ளே போகாது, காய் பிடிக்காது.

காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைக் காயே சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாக உறிஞ்சிக்கொள்கிறது, வேர் அனுப்புவது காய்க்குப் போதாது. அதனால்தான் சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சத்தைச் செடியின் தூரை ஒட்டிக் காய் பிடிக்கிற இடத்தில் போடுகிறார்கள். ஒரு செடியை வேரோடு பிடுங்கி வந்து மேசையில் வையுங்கள். காயை இழுத்துப் பார்த்தால் விழுது தண்டின் கணுவில் போய் முடிகிறது என்று தெரிந்துவிடும். வேரில் இருக்கிற சின்ன உருண்டைகளைக் காட்டி அதுதான் பிஞ்சுக் கடலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவை நைட்ரஜன் பிடிக்கிற பாக்டீரியா குடியிருக்கும் வேர் முடிச்சுகள்.